தொத்திக்கொள்ள ஓர் இடம்

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்றுத்தான் போனில் உன் குரலைக் கேட்டேன். சளி பிடித்திருக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாய். வெளிநாட்டுக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றாய், பெட்டி வாங்கியாயிற்று என்றாய், அங்கே கடும் குளிராம் என்றாய். நான் ஏலத்தோட்டத்துப் பாக்கியத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். நீ, "அம்மா, அது நம்ம வண்டி இல்லையேம்மா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டு வைத்ததாக நினைத்திருப்பாய். கோபம் இல்லை. நீ சொன்னது உண்மை. அதனால்தான் வைத்தேன்.

நேரில் பேசலாம் என்றால், நீ தலையாட்டிக்கொண்டே கேட்பாய். அந்தத் தலையாட்டல் என் மகனுடையது இல்லை, உன் படிப்பு கற்றுக்கொடுத்தது. ஊர்ப் பெண்கள் பேசும்போதும் அப்படித்தான் ஆட்டுவாய். எதிராளிக்குத் தான் சொன்னதெல்லாம் உள்ளே போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். இதை வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் போடவும் கொடுக்கப் போகிறேன். உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதற்காக இல்லை. ஜனங்களோடு சேர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு வேண்டியதை அவர்களோடு சேர்ந்தே உருவாக்குகிறோம் என்று படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இப்போது தேனிப் பக்கம் நிறையத் தென்படுகிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் என் கடைக்கும் வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். கம்பத்தில் ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரில் என் கடை. மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களுக்கு வேண்டிய சாமான்கள்தான் சரக்கு: இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் தாள், மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு, தூக்குவாளி, அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்க்கிற புகையிலை. விடியுமுன் ஷட்டரைத் தூக்கினால்தான் எனக்கு யாவாரம். அவர்கள் கம்பமெட்டு ஏறி கேரள எல்லை தாண்டிவிட்டால் பகல் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு ஜீப்பிலும் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் கிடையாது. உள்ளே மடிமேல் மடி, பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நாலைந்து பேர். டிரைவரே ஆள் பிடிக்கிற ஏஜெண்டும். எஸ்டேட்காரர் டிரைவருக்குத்தான் போன் போடுவார். ஆக, ஜீப்பில் இடம் இருந்தால் வேலை உண்டு, ஜீப்பில் இடம் இல்லையென்றால் வேலையும் இல்லை. வெளியாட்கள் அதை வண்டியாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது அன்றைய சோறு.

இந்தக் கடையை யாரும் எனக்கு வைத்துக் கொடுக்கவில்லை. உன் அப்பா போன பிறகு, இதே இடத்தில் சாக்கை விரித்து, பிளாஸ்டிக் தாளை வெட்டி விற்க உட்கார்ந்தேன். எல்லாரும் தாள்தான் விற்றார்கள். தாளை இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டக் குளிரில் விரல் வணங்காமல் பெண்கள் படுகிற பாட்டைப் பார்த்து, நான் இரண்டு பக்கமும் நைலான் நாடா வைத்துத் தைத்தேன். நாடா வெட்டிக் கொடுத்தவன் நீ. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கத்தரியை மெழுகுவர்த்தியில் சூடு காட்டி, நூல் பிரியாமல் வெட்டுவாய். சரக்கு பறந்தது. போடியிலிருந்துகூட வந்து வாங்கிப் போனார்கள். அப்புறம் ஒருநாள் உத்தமபாளையத்துக்காரப் பெண் ஒருத்தி சரிவில் சறுக்கும்போது நாடா ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. நல்ல நாடா, அறுந்துபோகவே இல்லை. அவளைத் தலைகீழாகத் திருப்பி இடுப்பெலும்பை முறித்துவிட்டுத்தான் விட்டது.

நான் உடனே அவள் வீட்டுக்கு ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. மறுநாளும் அதே நாடா வைத்த தாளைத்தான் விற்றேன், அதற்கு மறுநாளும். அப்புறம் உன்னையும் இழுத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். கட்டிலில் கிடந்தவள் என்னைப் பார்த்ததும், "நாடாவா வச்சுத் தச்ச, தூக்குக் கயிறா வச்சுத் தச்ச?" என்று கேட்டு அந்தத் தாளைச் சுருட்டி என் முகத்தில் எறிந்தாள். நீ என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். வீட்டுக்கு வந்து நைலானையெல்லாம் பிரித்துப்போட்டு, வெடுக்கென்று இழுத்தால் அறுந்து வருகிற பருத்தி நாடாவாக மாற்றித் தைத்தேன். இன்றைக்கும் அதுதான். "உன் நாடா சீக்கிரம் அறுந்துபோகுது" என்று குறை சொல்லிக்கொண்டேதான் வாங்குகிறார்கள். அந்த உத்தமபாளையத்துப் பெண்ணும் கொஞ்ச காலம் முன்புவரை என்னிடம்தான் செருப்பு வாங்கினாள். நான் நல்லவள் என்பதால் இல்லை, தம்பி. மறுநாளும் இதே இடத்தில் ஷட்டரைத் தூக்க வேண்டியவள் நான். என்னால் வேறு ஊருக்குப் போக முடியாது. அது ஒன்றுதான் என்னைத் திருத்தியது.

நீ வடக்கே டிசைன் படிக்கப் போகிறாய் என்றதும் உன் சித்தப்பா, "சேலை டிசைனா மதினி, நகை டிசைனா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? "அதெல்லாம் இல்லை, ஜனங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு, அதைச் செஞ்சு கொடுக்குற படிப்பாம்" என்றேன். "அதுக்குக் காலேஜா? நீங்க இங்கன கடையில அதத்தான செய்றீக?" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். என் மகன் சாக்கு விரிக்காமல் மேசை போட்டு இதே வேலையைச் செய்யப் போகிறான் என்று நினைத்தேன்.

படித்து முடித்து நல்ல சம்பளத்துக்குப் பெங்களூர் போவாய் என்றிருந்தபோது, நீ ஒரு அமைப்பில் சேர்ந்து நம் ஊருக்கே வந்தாய். ஜீப்புப் பயணத்தைச் சரிசெய்யப் போகிறேன் என்றாய். நான் தடுக்கவில்லை. எந்த மழைக்காலத்திலும் ஒரு ஜீப்பாவது சரியாமல் இருந்ததில்லை. என்னிடம் காலையில் புகையிலை வாங்கிப் போனவர்கள் சாயங்காலம் திரும்பாமல் போனதை நானும் பார்த்திருக்கிறேன். கடையின் முன்பக்கத்தைக் கூட்டிப் பெருக்கி உனக்கு விட்டேன். டிரைவர் சிக்கந்தர் ஜீப்பில் போகிற பெண்களை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்து, சுவரில் பெரிய பெரிய தாள்களை ஒட்டி, கலர் கலராகத் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து, உங்களுக்கு வேண்டியதைப் படமாகப் போட்டு ஒட்டுங்கள் என்றாய். "இதை ஒட்டுனா அட்டை கடிக்காதாப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். "உங்க அம்மா புகையில யாவாரம் படுத்துரும்டா, பாத்துச் செய்யி" என்றாள் இன்னொருத்தி. வாரத்தில் ஒருநாள் கிடைக்கிற ஓய்வை விட்டு அவர்கள் வந்தார்கள். அதற்காகவே உன் மேல் எனக்கு மரியாதை இருந்தது. யாரும் அவர்களை அதுவரை உட்கார வைத்து ஒன்றும் கேட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் பாக்கியம் அதைச் சொன்னாள். எல்லாரும் பெல்ட்டு வைத்த சீட்டு, மழை உள்ளே அடிக்காத கதவு, கால் எட்டுகிற அளவுக்குத் தாழ்ந்த படி என்று ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த பாக்கியத்தைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும் பெரியம்மா?" என்று கேட்டாய். அவள், "எனக்குச் சீட்டெல்லாம் எதுக்கு ராசா, தொத்திக்கிற எடம் போதும்" என்றாள். கடையே சிரித்தது. நீ சிரித்தாய். நான் இரண்டு கண்ணிலும் தண்ணீர் வரச் சிரித்தேன். நீ அதை எழுதிக்கொண்டாய். அப்புறம் அவள் படத்துக்குக் கீழே அந்தச் சொற்களைப் போட்டு, நீ பேசப் போகிற இடங்களிலெல்லாம் முதல் படமாகக் காட்டுகிறாய் என்று தெரியும்; எனக்கும் அனுப்பியிருந்தாய். நல்ல படம். சிரிப்பில் முன்பல் இல்லாதது தெரிகிறது.

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. முழங்கால் போய்விட்டது அவளுக்கு. ஏலச்செடியில் காய் தூரில் கிடக்கும், குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஒரு செடியிலிருந்து எழுந்து அடுத்த செடிக்கு அவள் போவதற்குள் மற்றவர்கள் நாலு செடியை முடித்திருப்பார்கள். இருந்தும் அவள் வேலை போகாததற்குக் காரணம் அந்த ஜீப்பின் வழக்கம். சாயங்காலம் எடைக்குப் போகுமுன், பின்தங்கினவள் பைக்குள் ஒவ்வொருத்தியும் ஒரு கை அள்ளிப் போடுவாள். கை போடுகிறது என்பார்கள். இன்றைக்குப் பாக்கியத்துக்கு, நாளைக்குப் பிள்ளை பெற்று வந்தவளுக்கு, அடுத்த நாள் காய்ச்சல்காரிக்கு. சூப்பர்வைசருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். வண்டி நிறையப் பெண்கள் இருந்ததால் ஒரு கை குறைவது யாருக்கும் உறைக்காது. நீ வாரக்கணக்கில் அவர்களோடு உட்கார்ந்தாய், ஒருநாள் ஜீப்பில் கூடப் போய் வந்தாய். இதையும் கேட்டுத் தெரிந்துதான் வைத்திருந்தாய். "அழகான பழக்கம்மா" என்று என்னிடமே சொன்னாய். அந்தப் பழக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், அவர்களில் ராசாத்தி தலைவி ஆனாள், உன் அமைப்பின் உதவியோடு வண்டி வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேரோ அத்தனை பேர்தான், ஒரு ஆள் கூட அதிகம் கூடாது என்பது முதல் விதி. இன்னொரு விதி, ஏஜெண்டு இல்லாமல் எஸ்டேட்டோடு சங்கமே நேராகப் பேசிக்கொள்வது. எஸ்டேட்காரர் சம்மதித்தார்; ஆனால் கொஞ்சப் பேர் வந்தாலும் காய் குறையக் கூடாது என்றார். யாரை எடுப்பது, யாரை விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கடையில் கூட்டம் போட்டார்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது நான்தான், கல்லாவிலிருந்தபடியே, "இந்தா பாருங்க, வந்தவுகளுக்கெல்லாம் எலை போட்டா பந்தி நடக்காது. எண்ணிக்கைய முடிவு பண்ணுனாத்தான் எந்த யாவாரமும் நிக்கும்" என்றேன். இத்தனை வருஷம் கடை நடத்தினவள் வாய்ச்சொல் என்பதால் அது எடுபட்டது. வேகமாகக் காய் எடுக்கிறவர்களுக்கு இடம் என்றார்கள், சம்மதமானவர்களை நீ கை தூக்கச் சொன்னாய், அப்படியே முடிவாயிற்று. பாக்கியமும் கை தூக்கினாள். அவள் கை தூக்கியதை நீயும் கவனித்தாய், அப்புறம் என்னிடம், "அவுகளா எடுத்த முடிவும்மா, நான் நடுவுல பேசவே இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னாய்.

எல்லாரும் ஒரே ஊர், ஒரே தெரு, தம்பி. நாளைக்கும் ஒருத்தி வீட்டில் ஒருத்தி மோர் வாங்க வேண்டும். எல்லாக் கையும் தூக்கி இருக்கும்போது அவள் மட்டும் எப்படித் தன் கையை மடியில் வைத்துக்கொள்வாள்?

சிக்கந்தர் தன் பழைய ஜீப்பை விற்றுவிட்டுச் சங்கத்து வண்டிக்கே சம்பள டிரைவராக வந்தான். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு, முதல் மழை விழுந்த வாரம், என் கடை வாசலில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வண்டியில் எல்லாரும் ஏறி பெல்ட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் போய்ப் பின்கதவைப் பிடித்தாள்.

"ஆத்தா, கைய எடு. கதவு சாத்தணும்" என்றான் சிக்கந்தர்.

"ஏலே சிக்கந்தரு, என்னைய ஸ்டெப்னி மேல உக்கார வச்சுக் கூட்டிப் போனவன்தானடா நீ? சீட்டுத் தேஞ்சுபோகும்னு பயந்தா நின்னுக்கிட்டே வாரேன்."

"அது என் வண்டி ஆத்தா. இது சங்கத்து வண்டி. ஆள் எண்ணி ஏத்தத்தான் எனக்குச் சம்பளம்."

"அப்பன்னா இனி உன்னைய டிரைவருன்னு கூப்புட மாட்டேன், கண்டக்டருன்னுதான் கூப்புடுவேன்" என்றாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிக்கந்தர் சிரிக்கவில்லை. அவள் கையை மெல்ல எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். ராசாத்தி கண்ணாடி வழியாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். சங்கத்து வண்டியில் இடமில்லாத மற்றவர்களில் பலருக்கு வேறு வேறு ஜீப்புகளில் இடம் கிடைத்துவிட்டது. பாக்கியத்தை எந்த டிரைவரும் விரும்பவில்லை. அவளுக்குக் கை போட அந்த ஜீப்புகளில் ஆள் இல்லை. கடைசியில், யாரும் எடுக்காதவர்களை ஏற்றிக்கொண்டு போகிற ஒரு வண்டியில், பின்னால் கம்பியில் இடம் கிடைத்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்று என்னிடம் அவளே சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மழை, மூடுபனி, கம்பமெட்டு வளைவு. வண்டி உருண்டு விழக்கூட இல்லை. பின்சக்கரம் ஓரத்து மழைநீர்க் கானில் இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. பின்னால் தொங்கியவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். மற்றவர்கள் புல்லில் விழுந்தார்கள், பாக்கியம் கல்லில். உன்னிடம் ராசாத்தி இதுவரைதான் சொல்லியிருப்பாள். மீதியை எனக்கு சிக்கந்தர் சொன்னான். அந்த ஜீப்புக்குப் பின்னால் மலையேறிக்கொண்டிருந்தது சங்கத்து வண்டி. ராசாத்திதான் முதலில் இறங்கி ஓடினாள். எல்லாரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மழையில் இறங்கி ரோட்டோரம் நின்றுகொண்டார்கள். இருக்கைகளின் குறுக்கே பாக்கியத்தைக் கிடத்தி, சிக்கந்தர் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொள்ளக்கூட வண்டியில் வேறு ஆள் இல்லை. கம்பம் வந்து சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னைக்கு ஏத்திட்டேன்க்கா" என்றான்.

ஆக, தம்பி, நீ சொன்னதில் ஒரு திருத்தம். அவள் விழுந்தது வேறு வண்டியிலிருந்து. செத்தது நம் வண்டியில்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்தது கெட்ட காரியம் என்று நான் சொல்லவே இல்லை. சங்கத்து வண்டியில் போகிறவர்கள் பத்திரமாகப் போய்த் திரும்புகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பழைய ஜீப்பை நல்லதென்று சொல்கிறவனைச் செருப்பால் அடிக்கலாம். ஆனால் அந்தப் பழைய ஜீப்பில் கெட்டதோடு சேர்ந்து ஒரு நல்லதும் தொத்திக்கொண்டிருந்தது. நீ கெட்டதை இறக்கியபோது அதுவும் இறங்கிவிட்டது. சரக்கு ஏற்றி இறக்குகிற எவனுக்கும் நடக்கிற தவறுதான் இது. இறக்கினதற்கு அப்புறம் எண்ணிப் பார்க்காமல் லாரியை அனுப்புகிறவன்தான் யாவாரத்தில் தேற மாட்டான்.

எனக்குப் பொறுக்க முடியாதது வேறு. வண்டி வந்தபோது பேப்பரில் உன் பெயர் வந்தது. நீ வேண்டாமென்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை, உழைத்தாய். பாக்கியம் செத்த பிறகு ராசாத்தி உனக்குப் போன் போட்டு, விதியை மாற்றலாமா என்று கேட்டாள். நீ, "அது உங்க சங்கம், நீங்கதான் முடிவு எடுக்கணும்க்கா, நான் சொல்லக் கூடாது" என்றிருக்கிறாய். அவள் அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு, "தம்பி நம்மளக் கைகழுவுதா, இல்ல மரியாதை குடுக்குதா, எனக்கு ஒண்ணும் வெளங்கலக்கா" என்றாள். எனக்கும் விளங்கவில்லை. நல்லது நடந்தால் நீ உருவாக்கினாய், கெட்டது நடந்தால் அவர்கள் முடிவு. இப்படி ஒரு கூட்டு வியாபாரம் எங்கள் கடைத்தெருவில் நடத்தினால் மறுநாள் பங்காளி வாசலில் வந்து நிற்பான். கேட்கிறவன் மட்டும்தான் நான் என்று நீ சொல்லலாம். ஆனால் என்ன கேட்பது, யாரைக் கேட்பது, எப்போது கேள்வியை நிறுத்துவது என்று வைத்தவன் நீதான். அந்த ஞாயிற்றுக்கிழமை கை தூக்கச் சொன்னதும் நீதான். தூக்காமல் இருக்க அவளுக்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டியதும் நீதான்.

என் பங்கை நான் கழித்துக்கொள்ளவில்லை. எலை, பந்தி என்று வாய்க்கு வந்ததைப் பேசினவள் நான். கருமாதிக்குப் போனேன். பாக்கியத்தின் மகள் செல்வியிடம், "நான் சொன்னதுனாலதான் உங்கம்மாவுக்கு எடமில்லாமப் போச்சு" என்றேன். அவள் அழவோ திட்டவோ இல்லை. "எல்லாரும் ஒவ்வொரு ஆளா வந்து இதத்தான் சொல்றீக அத்தை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்குது. யாராச்சும் வேலைக்கு ஒரு எடம் சொல்லுங்க" என்றாள். வெட்கிப்போய் எழுந்து வந்தேன். புருஷன் விட்டுப் போனவள். இரண்டு பிள்ளைகள். தீப்பெட்டி ஒட்டியிருக்கிறாள், ஜவுளிக்கடையில் நின்றிருக்கிறாள்; ஏலத்தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. காய் எடுக்கப் பழகவே ஒரு பருவம் ஆகும். சங்கத்து வண்டியில் இப்போது ஓர் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது; ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறாள். செல்விக்குக் கொடுக்கலாம் என்று பாதிப்பேர், விதிப்படி வேகமாக எடுக்கிறவளுக்குத்தான் என்று பாதிப்பேர். அந்தப் பாதிப்பேரும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. இத்தனை குறைந்த ஆட்கள் தினம் ஒருத்திக்குக் கை போட்டால் ஒரு கை போதாது, மூன்று கை போட வேண்டும். அவர்கள் கூலி உதைக்கும். எஸ்டேட்டோடு பேசி எடைக் கணக்கை மாற்றலாமா, மெதுவாக எடுக்கிறவர்களுக்கு என்று ஓர் இருக்கையை விதியிலேயே எழுதி வைக்கலாமா, இன்னொரு வண்டியா, எனக்குத் தெரியவில்லை. அதற்குத்தானே நீ படித்தாய்? முதல் வண்டியை நிறுத்தியதோடு அந்தப் படிப்பு முடிந்துபோகுமா?

நீ அங்கே போய் இந்த வண்டியைப் பற்றிப் பேசப் போகிறாய். கேட்கிறவர்கள் வேறு மலைகளில், வேறு ஊர்களில் இதைப்போலவே செய்யப் போகிறார்களாம். போகாதே என்று சொல்ல மாட்டேன். வந்த யாவாரத்தை விடு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்த முதல் படத்தை என்ன செய்யப் போகிறாய்? எடுத்துவிட்டால் அவள் இல்லவே இல்லை என்றாகும். அப்படியே காட்டினால் அவர்கள் நாம் சிரித்த மாதிரியே சிரிப்பார்கள். இதற்கு அங்கே உட்கார்ந்து விடை கிடைக்காது. கிளம்புவதற்கு முன்னால் இங்கே வா. பாக்கியம் வீட்டில் போய் உட்கார். செல்வி எதையாவது உன் முகத்தில் எறிந்தால் வாங்கிக்கொள். ஒளிந்துகொள்ள என் சேலையைத் தேடாதே. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் தாள் ஒட்டாமல், துண்டுச் சீட்டு கொடுக்காமல், யாருக்கு இடமில்லையோ அவர்களை மட்டும் என் கடையில் உட்கார வைத்துக் கேள். ராசாத்தி கூட்டத்துக்கு வெளியே நிற்கட்டும். நானும் கல்லாவைப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிறேன்.

இன்று காலை செல்வி கடைக்கு வந்தாள். நாங்கள் முடிவு எடுக்கிறவரை காத்திருக்க அவள் வீட்டு அடுப்புக்குத் தெரியாது. அம்மாவின் பிளாஸ்டிக் தாளையே இடுப்பில் கட்டியிருந்தாள், என் பருத்தி நாடாதான். "அத்தை, பிடிமானத்துக்குக் கையுறை இருக்கா? மழையில கம்பி வழுக்குமாம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அம்மாதேன் சொல்லும்."

ஒர்க்ஷாப் பையன்களுக்காக வைத்திருந்த, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த கையுறை ஒரு ஜோடி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். "அப்பக் கையுறையும் வேண்டாம்" என்று மேசைமேல் வைத்துவிட்டாள். காசை வாங்கிக்கொண்டேன். சங்கத்து வண்டி ஒரு காலி இருக்கையோடு கிளம்பிப் போயிற்று. சிக்கந்தர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதன் பின்னால், அவள் அம்மா கடைசியாக ஏறிப்போன அதே ஜீப் வந்தது. கையுறையை மாட்டி, விரல்களை ஒருதரம் மடக்கிப் பார்த்துவிட்டு, பின்கம்பியைப் பிடித்துத் தொத்தினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்து, "செல்விக்குக் குடுத்தீகள்ல, அது மாதிரி எனக்கும் ஒண்ணு" என்று கேட்டாள். ஸ்டாக் இல்லை என்று அனுப்பினேன்.

மதுரையிலிருந்து சரக்குப் போடுகிறவர் வெள்ளிக்கிழமை வருவார். கையுறை எத்தனை டஜன் என்று கேட்பார். கம்பியில் தொங்குகிறவர்கள் இருக்கிறவரை இந்த மழைக்கு நன்றாக விற்கும். இருபது வருஷம் யாவாரம் செய்தவளுக்கு அது தெரியாதா? நீ வருகிறாயா இல்லையா என்று அதற்குள் சொல்லிவிடு, தம்பி. அவருக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அம்மா